காற்றுப் போகும் பக்கத்தில் நம் கரை

மே மாதம் சோழகம் எழும்பியதும் கற்பிட்டிக் களப்பின் மேல் கைட்டுகள் ஏறத் தொடங்கிவிடும். செப்டெம்பர் வரை அநேகமான பிற்பகல்களில் 18 முதல் 25 நொட் வரை, அதாவது மணிக்கு 33 முதல் 46 கிலோமீற்றர் வேகத்தில் காற்று நின்று வீசும். குடாநாடு அலையை மறித்துக்கொள்வதால் உள்ளே தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கைட் சர்ஃபிங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவது இதற்காகத்தான். அலைச்சறுக்கு வேண்டியவர் அறுகம்பைக்கோ வெலிகமைக்கோ போவார். நம் எலுவன்குளத்துப் பக்கம் அந்த அலை கிடையாது.

ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். களப்பைக் கடந்து வடகிழக்கே கங்கைவாடிக்கும் கலா ஓயா முகத்துவாரத்துக்கும் எலுவன்குளத்துக் கண்டல் கரைக்கும் வருகிறது. கற்பிட்டியில் ஒருவருடைய கயிறு அறுந்தாலும், கைட் கையை விட்டுப் போனாலும், அது ஒதுங்குவது நம் பக்கம். விளையாட்டின் வருமானம் பெரும்பாலும் அக்கரையில் நின்றுவிடுகிறது. அதன் ஆபத்தில் ஒரு பங்கு மட்டும் காற்றோடு இக்கரைக்கு வருகிறது. ஆகவே இந்தக் காற்றைப் பற்றிப் பேசும்போது நமக்கும் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது.

முதலில் ஆபத்தைச் சொல்கிறேன். ஒரு கைட்டிலிருந்து 20 முதல் 25 மீற்றர் நீளத்தில் நான்கு மெல்லிய நூல்கள் இறங்கும். இழுவையில் இருக்கும்போது அவை கத்திக்குச் சமம். கரையோரம் நண்டு வலை போட்டவர் பிளாஸ்டிக் போத்தல் மிதவையைத்தான் அடையாளமாக விட்டிருப்பார். சோழகத்து நுரையில் அது கண்ணுக்குப் படாது. மேலே கைட்டைப் பார்த்தபடி வேகமாக வருபவரின் பலகையோ நூலோ வலையில் மாட்டினால் ஆளும் சிக்குவார், வலையும் கிழியும். வலை போடும் இடத்தையும் நேரத்தையும் மீனவர் சங்கம் பருவம் தொடங்கும் முன்பே கைட் பள்ளிகளுக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஏதாவது நடந்தால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்கள் சொல்ல முடியாது.

விழுந்து கிடப்பவரைக் காப்பாற்றப் போகும் வள்ளக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூல்கள் காற்றுப் போகும் பக்கம் நீண்டு கிடக்கும். அதனால் காற்று வரும் பக்கத்திலிருந்து ஆளை நெருங்குங்கள். இல்லாவிட்டால் இயந்திரத்தின் விசிறியில் நூல் சுற்றிக்கொள்ளும். நூலை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. கைட்டைக் கழற்றிவிடச் சொல்லிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி ஆளை ஏற்றுங்கள். ஆளில்லாமல் கைட் மட்டும் கண்டலில் கிடந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அதன் சொந்தக்காரர் அப்போதும் தண்ணீரில் இருக்கலாம். உடனே 119க்கு அழையுங்கள். கற்பிட்டியில் கடற்படையின் விஜய முகாம் இருக்கிறது, தேடுதலுக்கு அங்கிருந்து படகு வர முடியும். காயத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

டிசெம்பரில் கதை தலைகீழ். வாடைக்காற்று தரையிலிருந்து களப்புக்கு வீசும். நம் கரையில் இறங்குபவரை அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையை விட்டு விலக விலக அலை கூடும், திரும்புவது கடினம். துணை வள்ளம் இல்லாமல் இந்தப் பருவத்தில் இந்தப் பக்கத்திலிருந்து யாரும் இறங்கக் கூடாது. மாரியில் ராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் கலா ஓயா பெருகும், எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலமும் மூழ்கும். முகத்துவாரத்தில் மரக்கட்டைகளோடு இழுவை கடுமையாக இருக்கும். முதலை இருக்கும் ஆறு என்பதை வெளியூர்க்காரருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். வடக்கே வில்பத்து 1938இலிருந்து தேசியப் பூங்கா. ‘கைட் சஃபாரி’ என்று மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் அனுமதியின்றிப் பூங்காக் கரையில் ஏறினால் அது குற்றம். அவர்களை ஏற்றிச் செல்லும் உள்ளூர் வள்ளக்காரரும் மாட்டிக்கொள்வார்.

இனி உரிமை. கற்பிட்டியில் 14 தீவுகளைச் சேர்த்து உல்லாசப் பயணத் திட்டம் வந்தபோது, உச்சமுனை போன்ற இடங்களின் மீனவர்கள் வாடியும் பாதையும் பறிபோகும் என்று போராடினார்கள். வேலி எழும்பிய பிறகு போராடுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். எனவே வேலிக்கு முன்பே கேள்வி கேட்க வேண்டும்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, ஏற்ற நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்டவோ மண் நிரப்பவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலோடு சேரும் ஆற்றையும் களப்பையும் வலயத்துக்குள் சேர்த்த சட்டம் இது. கண்டலை வெட்டி யாராவது இறங்குதுறை போட்டால், ‘அனுமதிப்பத்திரம் எங்கே?’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன் பிறகும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

வலை கிழிந்தால் அந்த இடத்திலேயே படம் எடுத்து, பொலிஸில் முறைப்பாடு பதிந்து, இலக்கத்தை வாங்குங்கள். புத்தளம் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். நட்டஈட்டை முதலில் மத்தியஸ்த சபையில் கேட்கலாம். அங்கே சட்டத்தரணிச் செலவு இல்லை.

கைட் பள்ளிகளில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சீசன் வேலைதானே’ என்று சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள். பருவகால ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழில் வழங்குநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

அரச அலுவலகமே அடிப்படை உரிமையை மறித்தால், உதாரணமாக வழக்கமான வாடியிலிருந்து காரணமின்றி எழுப்பினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இதற்கான தவணை ஒரே ஒரு மாதம். பலர் கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலைந்தே அந்த மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.