வெண்பனியில் ஒரு கறுப்புப் பொட்டு

ஸ்காபரோவில் ஒரு தை மாதக் காலை. காரை எடுத்ததும், அது நின்ற இடத்து வெண்பனியில் கறுப்பாக ஒரு பொட்டு. பதினைந்து வயதுக் கார் என்றால் “ஒயில் சீல் போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். அந்தச் சீலைப் பிதுக்கித் தள்ளியது யார் என்று பார்ப்பதில்லை.

கிராங்க் தண்டின் இரு முனையிலும் ஒயிலைத் தடுத்து நிற்பவை ரப்பர் சீல்கள். வயதாக ஆக அவை இறுகிவிடும். மறுபுறம், எரியும் வாயுவில் சிறிது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கி அழுத்தமாகச் சேர்கிறது. 1960கள் வரை அதை ஒரு குழாய்வழி தெருவிலேயே விட்டார்கள். பிறகு வந்த பி.சி.வி. வால்வு (கிராங்க் அறைக் காற்றோட்ட வால்வு), எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலைக் கொண்டே அந்த வாயுவை மீண்டும் எரிய அனுப்புகிறது.

ரொறன்ரோக் குளிரின் விளையாட்டு இங்கேதான். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரின் எஞ்சின் சரியாகச் சூடேறாது. நீராவி உள்ளேயே தங்கி, ஒயில் மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறக் களியாகப் படியும். கடுங்குளிரில் பி.சி.வி. வழி உறைந்தும் போகும்; வெளியேற வழியில்லாத அழுத்தம் சீலைத் தள்ளும். செவ்ரலே ஈக்வினாக்ஸின் 2.4 லிட்டர் எஞ்சினில் இப்படிக் கிராங்கின் பின்முனைச் சீல் (பின்சீல்) பிதுங்குவது மெக்கானிக்குகள் நன்கறிந்த கோளாறு.

வழி அடைபட்டால் ஒயில் வெளியே வரும். குழாயோ வால்வின் சவ்வோ கிழிந்தால் காற்று உள்ளே போகும். அப்போது ‘உஸ்’ என்ற சத்தம், ஐடிலில் நடுக்கம், பி0171 (காற்றுக்கேற்ற பெற்றோல் போதவில்லை) குறியீட்டோடு செக் எஞ்சின் விளக்கு.

கண்டுபிடிக்க, முதலில் எஞ்சினைத் துடைத்துவிடுங்கள். மேலே வால்வு மூடிக் கேஸ்கட்டிலிருந்து வழிவதும் கீழே பின்சீல் ஒழுக்குப் போலவே தெரியும். புதிதாக நனையும் இடங்களில் உச்சியில் இருப்பதே ஊற்று. பின்பு திறந்த வெளியில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒயில் மூடியைக் கழற்றி அவ்வாயில் ஒரு தாளைப் பிடியுங்கள். பல எஞ்சின்களில் அது மெல்ல ஒட்டிக்கொண்டால் நலம். ஊதித் தள்ளினால் பி.சி.வி. அடைப்பு, அல்லது ரிங் தேய்மானம். மூடியே கழலாதபடி இழுத்தால் சவ்வுக் கிழிசலைச் சந்தேகிக்கலாம்.

காற்றுக் கசிவைப் பார்க்க உதவும் வெற்றிடமானி ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்ட வேண்டும். ஐடிலில் கூடுதல் பெற்றோல் கேட்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் கேட்காவிட்டால், அது காற்றுக் கசிவு: அங்கே உள்ளே பாயும் காற்றின் முன் ஓட்டை அற்பமாகிவிடுகிறது. அந்த ஓட்டையைக் காட்டிக்கொடுக்கக் கராஜில் புகை இயந்திரம் உண்டு.

பின்சீலை மாற்றக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். பி.சி.வி. வால்வைப் பல கார்களில் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். சிறியதைப் பார்க்காமல் பெரியதை மட்டும் மாற்றினால், அடுத்த தையிலும் அதே இடத்தில் பொட்டு விழும்.