மிளகுத் தோட்டம் பார்க்கப் போகிறீர்களா? சரத்தை மட்டுமல்ல, தூரையும் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் தென்னந்தோப்பு உள்ளவர்கள் ஊடுபயிராக மிளகு போட நினைத்தால், நாற்று வாங்கும் முன் ஒருமுறை ஏற்காடு போய் வாருங்கள். காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் அங்கே உள்ளது.

என்ன பார்க்க வேண்டும்?

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் பெரும்பாலும் அறுவடை நடக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறிப்பார்கள். மணிகளை உதிர்த்து, ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்து, வெயிலில் காய வைத்தால் ஒரே சீராகக் கறுக்கும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் 33 கிலோ கிடைக்கும்.

பிறகு குனிந்து கொடியின் தூரைப் பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வரும். தண்டின் அடிப்பகுதி கறுத்து அழுகி, இலை உதிர்ந்து, நன்றாகக் காய்த்த கொடியும் சில வாரங்களில் பட்டுப்போகும். மழைக்காலத்தில்தான் இது வேகமாகப் பரவும்.

இலவசக் கொடி வேண்டாம்

நோய்க் கிருமி மண்ணிலும் நாற்றிலும் ஒட்டி வரும். எனவே கொடியை வெட்டி எடுத்து வராதீர்கள். செருப்பைக் கழுவிவிட்டு உங்கள் தோட்டத்தில் நுழையுங்கள். பன்னியூர் 1 போன்ற ரகங்களை நம்பகமான நாற்றங்காலில் வாங்குங்கள். நல்ல தாய்க்கொடியின் அடியில் படரும் ஓடுகொடியில் எடுத்த நாற்றா என்று கேளுங்கள்.

நம் ஊருக்கு ஏற்ற மாற்றம்

மிளகுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை ஏற்றது. நம் மாவட்டத்தில் பெய்வது சுமார் 850 மி.மீ. மட்டுமே. அதனால் சொட்டுநீர், நிழல், மூடாக்கு மூன்றும் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். தென்னையின் தூரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, வடக்குப் பக்கம் நடுங்கள். குழியில் மக்கிய தொழு உரத்துடன் ட்ரைக்கோடெர்மா, வேப்பம் புண்ணாக்கு கலந்து இடுங்கள். தூரைச் சுற்றி மண் அணைத்து, நீர் வடிய வழி விடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் காய்ப்பு தொடங்கும். நல்ல மகசூலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். எனவே முதலில் 20 மரங்களில் மட்டும் ஏற்றி, இரண்டு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு விரிவுபடுத்துங்கள்.