கொதிகலனின் செய்தியைக் கணினி வழி அறிதல்

ஜெர்மனி முதலிய குளிர்நாடுகளில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் கொதிகலன்கள் பலவற்றில் ‘இபஸ்’ எனப்படும் இருகம்பித் தொடர்பு அமைந்துள்ளது. நீரின் வெப்பநிலை போன்ற செய்திகளைக் கொதிகலனும் அறைக் கட்டுப்படுத்தியும் இதன் வழியே பரிமாறிக்கொள்கின்றன.

இக்கம்பிகளைக் கணினியுடன் நேராக இணைத்தல் கூடாது. யுஎஸ்பி வாயிலில் உள்ளது 5 வோல்ட். இபஸ் கம்பிகளிலோ 15 முதல் 24 வோல்ட் வரையுள்ள அழுத்தம் ‘1’ என்பதையும், 9 முதல் 12 வோல்ட் வரையுள்ளது ‘0’ என்பதையும் குறிக்கும். இவ்வேறுபாட்டை ஈடுசெய்வதே இணைப்பியின் பணியாகும். குறிகளை ஒளியாக மாற்றிக் கடத்தி, இரு மின்சுற்றுகளையும் பிரித்துவைக்கும் இணைப்பியே ஏற்றது.

கொதிகலனுள் 230 வோல்ட் முனைகளும் உள்ளன. ஆதலால் மின்னோட்டத்தை முற்றும் நிறுத்திய பின்னர், தகுதி பெற்ற வல்லுநரே உறையைத் திறந்து கம்பிகளைப் பொருத்துதல் வேண்டும்.

அடுத்து, கணினியில் விநாடிக்கு 2400 பிட் வேகம், 8 தரவுப் பிட்டுகள், 1 நிறுத்தப் பிட்டு என அமைக்க வேண்டும். சமநிலைப் பிட்டு தேவையில்லை. தொடர்பு ஓய்ந்திருக்கையில் 170 என்னும் எண் மீண்டும் மீண்டும் தோன்றுமாயின் இணைப்பு சரியே. இவ்வெண்ணின் இரும வடிவம் 10101010 ஆதலால், வகுப்பில் விளக்குவதற்கும் இது நல்ல சான்றாகும்.

தொடக்கத்தில் செய்திகளைப் படித்தல் மட்டுமே போதுமானது. பொருளறியாது கட்டளை அனுப்பினால் வெப்பமூட்டல் நின்றுபோகக்கூடும். கடுங்குளிரில் குழாய் நீர் உறைந்து குழாய்கள் வெடிக்கவும் நேரிடும். எனவே ஒவ்வோர் எண்ணின் பொருளையும் கொதிகலனின் அளவுகாட்டியுடன் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.