தென்னந்தும்பும் பிளாஸ்டிக்கும்

மெரிலேண்ட்ஸ் வீட்டு வாசல்களில் தும்புக் கால்மிதியை மிதித்துச் செல்வோர், அதே தும்பு மோட்டார் வண்டிக்குள்ளும் ஏறியதை அறிவரோ? 1990களில் பிறேசிலில் மெர்சிடிஸ்-பென்ஸ் வாகனங்களுக்குத் தென்னந்தும்பையும் இயற்கை இறப்பரையும் சேர்த்துத் தலைசாய்ப்பு அணைகள் செய்யப்பட்டன. இறப்பருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கிலும் நாரைப் புதைக்கலாம். மண்சுவருக்கு வைக்கோல் குழைத்த நம் முன்னோர் கண்ட முறைதான்: நார் இழுவையைத் தாங்கும், சூழ்ந்த பொருள் நார்களைப் பிணைத்திருக்கும்.

இழுவலிமையில் தும்பு சணலுக்குக் கீழேதான். ஆயினும் சணல் நூற்றுக்கு இரண்டு பங்கு நீளுமுன்பே அறுந்துவிட, தும்போ பதினைந்து பங்குக்கு மேல் நீண்டே அறும். அடியைத் தாங்க வேண்டிய பொருளுக்கு இந்த நெகிழ்வே பெரிது.

வெப்பமோ தும்புக்குப் பகை. ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் நார் சிதையத் தொடங்கும். எனவே 165 பாகையளவில் உருகும் பொலிப்புறொப்பிலீன் பொருந்தும். 250 பாகைக்கு மேல் உருகும் குளிர்பானப் போத்தல் பிளாஸ்டிக் பொருந்தாது.

இதனினும் பெரிய இடர் ஈரம். நார் நீரை உறிஞ்சும், பிளாஸ்டிக் ஒதுக்கும். நார் பருத்தால் இரண்டும் பிரிந்துவிடும். சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்து நாரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் பிடிப்பு ஏறும். கரையோரக் குழிகளில் பொச்சு ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்த எம் பெண்களுக்கு ஊறவைப்பு புதிதன்று. கரைசலின் செறிவும் நேரமும் மிகாமல் பார்க்க வேண்டும். மிகுந்தால் நாரே நைந்துபோகும்.