அம்பை முந்தும் ஓசை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாழும் இருளர்களுக்கு வில்லியர் என்ற பெயரும் உண்டு. வில்லேந்தி வேட்டையாடிய மக்கள் என்பதை அப்பெயரே சொல்கிறது. வில்வேடனுக்குப் பெரும் பகை எது தெரியுமா? அவனுடைய வில்லின் ஓசைதான்!

20 மீட்டர் தொலைவில் மான் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். மரவில்லின் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் செல்லும். மானை எட்ட 0.4 நொடி ஆகும். ஒலியோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 0.06 நொடியில் மானின் காதை அடைந்துவிடும். எஞ்சிய நேரத்தில் மான் துள்ளி விலகிவிடலாம். மார்கழிக் குளிரில் ஒலியின் வேகம் குறையுமே என்பீர்கள். 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் 6 மீட்டர்தான் குறையும். வேடனுக்கு அதனால் பயனில்லை.

வளைந்த வில்லில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போவதில்லை. மிஞ்சியது நாணை அதிரச் செய்கிறது. அம்பு கனமானால் கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொள்ளும், ஓசை குறையும். நாணில் கம்பளிக் குஞ்சம் கட்டினாலும் அதிர்வு அடங்கும். குஞ்சத்தின் இழைகள் உராய்ந்தும் காற்றைத் தள்ளியும் அதிர்வாற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன.

குளிருக்குப் போர்த்திய சால்வையோ தொளதொளத்த சட்டைக் கையோ நாணில் சிக்கினால் அம்பு வேகமிழந்து திசை மாறும். இதைத் தடுக்கவும் வில்லாளிகள் முன்கையில் தோல் காப்பு அணிகின்றனர்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை இன்று குற்றம். ஆனால் சோதனைக்குத் தடையில்லை! இரண்டு ஆணிகளுக்கிடையே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி மீட்டுங்கள். பிறகு கம்பியில் கம்பளி நூல் குஞ்சம் ஒன்றைக் கட்டி மீட்டுங்கள். முன்பு கேட்ட ஒலி எங்கே போயிற்று?