தினமும் துடைப்பதை நிறுத்துங்கள்

அம்பத்தூரில் கார் பெயின்ட், பாலிஷ் வேலை செய்கிறேன். "அண்ணே, வண்டி எடுத்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள பளபளப்பு போயிடுச்சே" என்று வருகிறவர்களிடம், "யார் துடைக்கிறாங்க?" என்றுதான் முதலில் கேட்பேன்.

கறுப்பு வண்டி என்றால் வெயிலில் நிறுத்தி பானட்டைக் காட்டுவேன். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். வண்டியில் படிவது வெறும் தூசி இல்லை. அதில் பொடி மணலும் இருக்கிறது. காய்ந்த துணியால் துடைத்தால் அந்த மணலை வைத்துத் தேய்க்கிறோம் என்று அர்த்தம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே பக்கெட், ஒரே துணியோடு வரிசையாகப் பல வண்டிகளைத் துடைக்கும்போது, முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை போகிறது.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் போட்டால் கீறல் மறைவது எப்படி என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பூச்சையே மேலாகத் தேய்த்து எடுக்கிறோம். ஒவ்வொரு பாலிஷுக்கும் அது குறைகிறது. பாலிஷ் என் பிழைப்புதான், ஆனாலும் அடிக்கடி போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் எப்படிக் கழுவுவது? லேசான தூசி என்றால் இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. கழுவும் நாளில் முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். மேற்கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சக்கரம் கடைசி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். மெழுகுப் பூச்சை எடுத்துவிடும்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெயிலில் கழுவினால் காய்ந்து வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பறவை எச்சத்தைச் சுரண்டவே கூடாது. ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவைத்து, அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சேற்றில் ஓட்டினாலோ, கடலோரமாகப் போய் வந்தாலோ வாட்டர் வாஷ்தான் சரி. அடிப்பாகத்துச் சேறும் உப்பும் வீட்டு பக்கெட் தண்ணீரில் போகாது. அங்கே தண்ணீர் பீய்ச்சும் கன்னை ஓரடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் நெருக்கி அடித்தால் மேலும் உரியும். எஞ்சின் பக்கம் வேண்டவே வேண்டாம், ஒயரிங் கெடும். "அடியில டீசல் அடிக்கட்டுமா சார்?" என்று கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ரப்பர் பாகங்களுக்கு டீசல் ஆகாது, தூசியும் ஒட்டும். பிரஷ் சுழலும் மெஷினில் நான் என் வண்டியை விடமாட்டேன். முந்தைய வண்டியின் மணல் அதில் இருக்கும்.

2019 கோடையில் புழல் ஏரி வறண்டதைப் பார்த்தவர்கள் நாம். ஓஸைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள்; நாலைந்து பக்கெட் போதும்.

உங்கள் வண்டியைத் துடைப்பவரிடம் இன்னொரு பக்கெட்டும், உங்கள் வண்டிக்கென்று தனியாக நாலு துணியும் வாங்கிக் கொடுங்கள். தினமும் துடைக்காமல் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். அதற்காக அவருடைய மாதச் சம்பளத்தைக் குறைத்துவிடாதீர்கள்.