குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையா? ஊசி வலியைக் குறைக்கும் க்ரீம், ஸ்ப்ரே, ‘ஜெட்’... எது, எவ்வளவு பாதுகாப்பு?

ரத்தப் பரிசோதனை என்றதுமே கையை இழுத்துக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம். எப்போதோ ஒருமுறை என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால், தலசீமியா, டைப் 1 சர்க்கரைநோய், ரத்தப் புற்றுநோய் போன்ற பிரச்னைகள் உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். ஒருமுறை பட்ட வலி, அடுத்தமுறை பயமாக வந்து நிற்கும். பெரியவர்களிலும் ஊசிக்குப் பயந்து டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

ஊசி குத்தப்போகும் இடத்தை முன்கூட்டியே மரத்துப்போகச் செய்தால் இந்த வலி குறையும். அதற்காக இன்னோர் ஊசி போடத் தேவையில்லை. க்ரீம், ஸ்ப்ரே, ‘ஜெட்’ கருவி என வழிகள் இருக்கின்றன. ஆனால், ஊசி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அளவும் நேரமும் சரியாக இருந்தால்தான் இவை பாதுகாப்பானவை.

க்ரீம்: ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்!

பரவலாகப் பயன்படுவது, லிடோகைன், பிரிலோகைன் இரண்டும் தலா 2.5% கலந்த க்ரீம். ரத்தம் எடுக்கப்போகும் இடத்தில் தடிமனாகப் பூசி, தேய்க்காமல், ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தால் மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். லேபுக்குப் போன பிறகு பூசிக்கொண்டு, ஐந்தாவது நிமிடம் கையை நீட்டினால் பலன் இருக்காது. பூசிய இடம் சற்று வெளுக்கலாம் அல்லது சிவக்கலாம். அது தானாகவே சரியாகிவிடும்.

அளவைத் தாண்டினால்தான் சிக்கல். குழந்தைகளுக்கான உச்ச வரம்பு இது:

• 3 மாதம் வரை, அல்லது எடை 5 கிலோவுக்குக் கீழ்: 1 கிராம், 1 மணி நேரம் மட்டும்.

• 3 முதல் 12 மாதம், எடை 5 கிலோவுக்கு மேல்: 2 கிராம், 4 மணி நேரம்.

• 1 முதல் 6 வயது, எடை 10 கிலோவுக்கு மேல்: 10 கிராம், 4 மணி நேரம்.

இது தாண்டக் கூடாத எல்லை. ரத்தம் எடுக்கும் சிறிய இடத்துக்கு இதைவிடக் குறைவாகவே போதும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்குத் தாமாகப் பூசவே கூடாது.

உதடு நீலமானால் உஷார்!

பிரிலோகைன் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். இதற்கு மெத்ஹீமோகுளோபினீமியா என்று பெயர். உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகும். மூச்சு வாங்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை இது. கைக்குழந்தைகளின் உடலில் இதைச் சரிசெய்யும் என்சைம் குறைவு. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும், சல்ஃபா வகை மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

லிடோகைன் அதிகமானால் வலிப்பு வரலாம். இதயத்துடிப்பும் தாறுமாறாகலாம். அமெரிக்காவில் இரண்டு இளம்பெண்கள், லேசர் முறையில் ரோமம் நீக்குவதற்கு முன், வீரியம் கூடிய மரத்துப்போகும் க்ரீமைக் கால்கள் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் உறையால் சுற்றிக்கொண்டார்கள். இருவரும் வலிப்பு வந்து, கோமாவுக்குப் போய் இறந்தார்கள். அதன்பிறகு 2007-ல் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. அதிக வீரியம், அதிக இடம், அதன்மேல் இறுக்கமான உறை. மூன்றும் சேர்ந்ததுதான் வினையானது.

ஸ்ப்ரே: சில வினாடிகள் போதும்

எத்தில் குளோரைடு போன்ற குளிரூட்டும் ஸ்ப்ரே, தோலைச் சட்டெனக் குளிரவைத்து மரத்துப்போகச் செய்யும். அந்த மரப்பு ஒரு நிமிடம்கூட நீடிப்பது கடினம். எனவே, அடித்த உடனே ஊசி போட வேண்டும். ஒரே இடத்தில் அதிக நேரம் அடித்தால் தோல் உறைந்து புண்ணாகும். எத்தில் குளோரைடு எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் நெருப்பு கூடாது.

ஜெட்: ஒரு கருவி, ஒருவருக்கே!

சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ‘புஸ்’ என்று ஒரு சத்தம். கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தில் 0.2 மில்லி லிடோகைன், நுண்ணிய துளை வழியே பாய்ந்து தோலுக்குள் இறங்கும். ஓரிரு நிமிடங்களில் அந்த இடம் மரத்துவிடும். அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவமனைகளில் இது பயன்படுகிறது. இந்தியாவில் 2021-ல் அனுமதி பெற்ற ‘சைகோவ்-டி’ கொரோனா தடுப்பூசியும் இப்படி ஊசியில்லாக் கருவியால் செலுத்தும்படிதான் வடிவமைக்கப்பட்டது.

சத்தத்தில் குழந்தை திடுக்கிடலாம் என்பதால் முன்பே சொல்லிவைப்பது நல்லது. சிறு ரத்தக்கசிவோ கன்றிப்போவதோ சகஜம். ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதை ஏற்கக் கூடாது.

ஒரே ஜெட் கருவியைப் பலருக்கும் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. 1980-களில் கலிஃபோர்னியாவில் எடைக்குறைப்பு சிகிச்சை மையம் ஒன்றில் இப்படித்தான் ஹெபடைட்டிஸ் பி பரவியது. ஒருவரின் ரத்தத்துளி கருவியின் முனையில் ஒட்டி, அடுத்தவருக்குப் போகும் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க ராணுவமும் 1997-ல் அத்தகைய கருவிகளைக் கைவிட்டது. இன்று வலிநீக்கத்துக்குப் பயன்படும் ஜெட், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டியது. புதிய உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இவற்றை மறக்காதீர்கள்!

• பல் மருத்துவர் போட்ட மரத்துப்போகும் ஊசியால் முன்பு அலர்ஜி ஏற்பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

• புண், எக்ஸிமா உள்ள தோலில் க்ரீம் பூசாதீர்கள். கண், வாயில் படவிடாதீர்கள்.

• குழந்தை படலத்தைப் பிய்த்து வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

• பூசிய நேரத்தைக் குறித்துவைத்து, லேப் ஊழியரிடம் சொல்லுங்கள்.

• பச்சிளம் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது இந்த க்ரீம் பெரிதாக உதவாது. அப்போது தாய்ப்பால் கொடுப்பதே நல்ல வலிநிவாரணி.

‘வலிக்கவே வலிக்காது’ என்று குழந்தையிடம் பொய் சொல்ல வேண்டாம். ‘கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், அம்மா கூடவே இருக்கேன்’ என்று மடியில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். எந்த மருந்து பூசினாலும், குழந்தைக்கு அந்த மடியும் தேவை.